பதினோரு மணிப் பேரம்

ஜூன் 3, திங்கள்

லேப்டாப்பை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது நானல்ல, ஓசூரில் இருக்கும் என் தம்பி பிரபாகரன். "அக்கா, அதென்ன தங்கமா, வெச்சிருந்தா வெலை ஏறறதுக்கு? மாசத்துக்கு ஆயிரம் எறங்கும். தூசு படியறதுக்குள்ள தள்ளிவிட்டுடு" என்றான். பதினாறாயிரம் என்று போட வேண்டுமாம், பன்னிரண்டுக்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கக் கூடாதாம். அதற்குள் அவனுக்கு மீட்டிங் வந்துவிட்டது. மொத்தம் இரண்டு நிமிடம். போன மாதத்துக்கு இது பரவாயில்லை.

பதினோரு வருடம் வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். கவுண்டம்பாளையம் ஹவுசிங் போர்டில், இரண்டாம் மாடியில், தமயந்தி என்றொருத்தி அதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். ஏப்ரல் முப்பதோடு அதை மெஷினே செய்துகொள்கிறது. கம்பெனி அனுப்பிய மெயிலில் நன்றி என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை.

ஜூன் 4, செவ்வாய்

விளம்பரம் எழுத உட்கார்ந்தால் கை தானாகக் கேஸ் ஷீட் எழுதுகிறது. அப்படியே போட்டுவிட்டேன்.

"வயது நான்கு. முதன்மைக் குறை: பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கீபோர்டில் மூன்று எழுத்துகள் தேய்ந்துவிட்டன. கீழே விழுந்ததில்லை. தண்ணீர் பட்டதில்லை. இதுவரை அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. பொதுவான நிலை: திருப்தி. விலை பதினாறாயிரம்."

ஜூன் 5, புதன்

காலையிலிருந்து ஒன்பது போன். வணக்கம் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை, எடுத்ததும் "லாஸ்ட் எவ்ளோ?" என்கிறார்கள். ஒருவன் பழைய செல்போன் தருகிறேன், மாற்றிக்கொள்ளலாமா என்றான். இன்னொருவன் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டான். ஆறு பேர் என்று சொல்லி வைத்தேன்.

பதினோரு மணிக்கு வந்த போன் மட்டும் வணக்கத்தோடு வந்தது.

"வணக்கமுங் மேடம். லேப்டாப்பு வெளம்பரம் பாத்தனுங். நான் சூலூருங், நாச்சிமுத்து. மைக் நாச்சிமுத்துன்னா இந்தப் பக்கம் எல்லாத்துக்கும் தெரியுமுங்."

நல்ல குரல், கனமான குரல். ஆட்டோவில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கடைத் திறப்பு, கோயில் நோம்பி, காணாமல் போன பாட்டி என்று ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போகிறவராம். முப்பது வருடமாக அதுதான் தொழில்.

"உங்களுக்கு எதுக்குங்ணா லேப்டாப்பு?" என்றேன்.

"முன்ன மாதிரி ஒரே மூச்சுல பேச முடியறதில்லைங். எலெக்‌ஷன்ல கத்துனதுல தொண்டை போயிருச்சு. ஊட்டுலயே உக்காந்து துண்டு துண்டாப் பேசிப் பதிஞ்சு ஒட்டிப்போட்டம்னா, ஆட்டோ பாட்டுக்கு ஓடும், ஸ்பீக்கரு பாட்டுக்குக் கத்தும்."

ஒன்பதாயிரத்துக்குக் கேட்டார். பதினைந்தரை என்றேன். யோசித்துவிட்டு நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றார்.

ஒரு மூச்சுக்கு ஒன்பது வார்த்தை. எண்ணுவது என் தொழில் பழக்கம். டாக்டர் எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்தால்தான் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று தெரியும்.

ஜூன் 8, சனி

பீளமேட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். இரண்டு டம்ளர் டீ போட்டேன். அவர் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். கால் பெடல் எதற்கு என்று கேட்டார். நடுவில் மிதித்தால் குரல் ஓடும், இடது பக்கம் மிதித்தால் சொன்னதைத் திரும்பச் சொல்லும் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே பதினோராயிரம் என்றார். மாட்டேன் என்றேன். டீயைத் தொடாமல் போய்விட்டார். இரண்டையும் நானே குடித்தேன்.

நாச்சிமுத்து அண்ணன் கூப்பிட்டார். ஒன்பதரை ஆயிரத்துக்கு வந்திருக்கிறார். நான் பதினைந்தேகாலுக்கு இறங்கினேன்.

ஜூன் 10, திங்கள்

பதினோரு மணிக்குத் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே போகலாம் என்றுதான் வாரினேன்.

இன்று அவர் சொன்ன விலை பத்தரை ஆயிரம். விலை பேசி முடிந்ததும் வழக்கம்போல வேறு பேச்சு. "ஏனுங் அம்மணி, வயசானா காலு வளருமுங்களா? ரெண்டு மாசத்துக்கு முந்தி வாங்குன செருப்பு உள்ள போக மாட்டீங்குது. ஒரு நெம்பர் பெருசா வாங்கிட்டு வந்திருக்கறன்." மேடம் போய் அம்மணி வந்துவிட்டது.

வாய்விட்டுச் சிரித்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கால் வீங்க நூறு காரணம் உண்டு. வெயில், உப்பு, நாள் முழுக்க ஆட்டோவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது. ஒரு மூச்சுக்கு ஏழு வார்த்தை.

ஜூன் 12, புதன்

"அம்மணி, இதுதான் கடைசி. பன்னெண்டாயிரத்தி ஐநூறு. சரின்னா நாளைக்கே பணத்தோட வந்தர்றன்."

வேறு ஒருவர் பதிமூன்றரைக்குக் கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அப்படி யாரும் கேட்கவில்லை. பேரம் என்றால் நாலு பொய் இருக்கத்தான் செய்யும். தம்பி சொன்ன பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் ஏறும்போல் இருந்தது என்பதுதான் என் பதில்.

அவரும் கோபப்படவில்லை. "அப்ப யோசிச்சுச் சொல்றனுங்" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

இன்று விலையே பேசவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஒஹாயோவில் ஒரு டாக்டர் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு பாட்டை முனகுவார், டெக்சாஸ் டாக்டரம்மா சொல்லும்போது பின்னால் நாய் குரைக்கும், அந்த நாய் செத்துப்போனதுகூட எனக்குத் தெரியும் என்றேன். ஒரு மாதம் குரைப்புச் சத்தம் இல்லை, அப்புறம் குட்டி நாயின் சத்தம் வந்தது.

"அவிய கூடப் பேசியிருக்கறீங்களா?"

"இல்லைங்ணா. அவங்களுக்கு நான் இருக்கறதே தெரியாது."

"நானும் அப்படித்தானுங். ஊரே கேக்கும், எவனும் மூஞ்சியப் பாக்க மாட்டான்." சொல்லிவிட்டு இருமினார். "படுத்தா இருமலு எச்சாகுதுங். ரெண்டு வாரமா சாய்வு சேர்லயேதான் தூங்கறன்."

நான் பேச்சை மாற்றினேன். டாக்டரிடம் போங்கள் என்று சொல்ல நான் யார்? பழைய லேப்டாப் விற்கிறவள்.

ஐந்து வார்த்தை.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடுவதில்லை. லேப்டாப்பைச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கொடுக்கும்போது உள்ளே என்னுடையது எதுவும் இருக்கக் கூடாது.

என்னுடையது என்று இருந்ததெல்லாம் சுருக்கெழுத்துப் பட்டியல்தான். மூன்று எழுத்து அடித்தால் முழு வாக்கியமும் வந்து விழும், வேகத்துக்காக நாங்களே செய்து வைத்துக்கொள்வது. பதினோரு வருடத்தில் நாலாயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறது. மொத்தமாக அழிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தேன், எனக்கு வேறென்ன வேலை.

டி வரிசையில் ஒன்று வந்தது. "இரண்டு தலையணை வைத்தால்தான் நோயாளியால் படுக்க முடிகிறது." அதற்கடுத்த வரியும் மனப்பாடம். "கணுக்கால் இரண்டிலும் வீக்கம்." அதற்கடுத்தது: "சில வாரங்களாகப் பேசும்போது மூச்சு வாங்குகிறது." அதற்குக் கீழே வருகிற வியாதியின் பெயருக்கும் என்னிடம் ஒரு சுருக்கெழுத்து உண்டு. ஆயிரம் தடவை அடித்திருப்பேன்.

அதை மட்டும் அழிக்காமல் மூடிவைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

இதை எழுதவே கூசுகிறது.

நேற்று அவர் கூப்பிடவில்லை. இன்று பதினொன்றேகாலுக்கு வந்தது. "வணக்கமுங்" என்பதற்கே நடுவில் நின்றார். நாலு வார்த்தை, ஒரு மூச்சு. பதிமூன்று தருகிறேன் என்றார். எடுத்து வைத்துவிட்ட பெடலை, அது இன்னும் மேசைக்கடியில் இருப்பதுபோல, என் கால் இடது பக்கம் மிதித்துக்கொண்டே இருந்தது. சரியாகக் கேட்காதபோது செய்வது. எல்லாம் சரியாகத்தான் கேட்டது.

என்ன வியாதி என்று நான் சொல்லக் கூடாது. அதனால் டாக்டர்கள் கேட்கிற மாதிரி கேட்டுவிடலாம், பதிலை வைத்து மேலே பேசலாம் என்று நினைத்தேன். எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டேன்.

"ஏனுங்ணா, ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பீங்க?"

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார்.

"யாருங் நீங்க?" பெண் குரல். "லேப்டாப்பு விக்கறீங்களா, இல்ல வேற ஏதாச்சுமுங்களா? தெனமும் பதினோரு மணியானா இந்த மனுசன் போனத் தூக்கிட்டு வாசலுக்குப் போறாரு. என்ற ஊட்டுக்காரரு எத்தன தலகாணி வெச்சுத் தூங்குனா உங்களுக்கென்னங்? மானம் மருவாதியா இருந்துக்குங்க!"

கோபத்திலும் 'ங்க' விட்டுப்போகவில்லை. எங்கள் பக்கத்தில் திட்டுகிறவர்களுக்கும் அது விடாது. அதனால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஜூன் 19, புதன்

விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

ஐம்பத்தோரு வயதில் இப்படி ஒரு பேச்சு வாங்க வேண்டுமா? யாரிடமாவது சொல்லிச் சிரித்தால் போய்விடும், ஆனால் சொல்ல ஆள் வேண்டும். தம்பியிடம் சொன்னால் "நம்பரை பிளாக் பண்ணுக்கா" என்பான்.

பதினோரு மணிக்கு போனை அலமாரிக்குள் வைத்துவிட்டு அரிசி களைந்தேன். இருவருக்குப் போட்டுவிட்டேன்.

உண்மையை எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. பன்னிரண்டரை சொன்ன அன்றே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மறுநாள் போன் வராது என்றுதான் கொடுக்கவில்லை. செருப்பு சொன்ன அன்றே டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. அந்த மனிதர் நாளுக்கு நாள் மூச்சைத் தொலைத்துக்கொண்டிருந்தார், நான் உட்கார்ந்து வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

இரண்டு முறை நம்பரைப் போட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது முறை அடிக்கவிட்டேன். அந்தம்மாதான் எடுத்தார்.

"வைக்காதீங்க, ஒரு நிமிசம்" என்றேன். "அவருக்கு இருக்கறது தொண்டைக் கட்டு இல்லைங்க. படுத்தா இருமல், கால் வீக்கம், பேசறப்ப மூச்சு. இருதய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கே போங்க."

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்க."

"நர்சுங்களா?"

"இல்லைங்க. டாக்டருங்க சொல்றதக் கேட்டு எழுதறவ. எழுதிட்டிருந்தவ."

"அப்ப இதையும் எழுதிக்குங்க. இனிமே இந்த நெம்பருக்குக் கூப்புடாதீங்க."

வைத்துவிட்டார்.

ஜூன் 21, வெள்ளி

ஒன்றுமில்லை.

ஜூன் 24, திங்கள்

விளம்பரத்தை முன்பே பார்த்து வைத்திருந்த ஒருவர் கதவைத் தட்டினார். துடியலூர்க்காரர், மகளுக்கு வேண்டுமாம். பேரமே பேசவில்லை. பதினாலாயிரத்தை எண்ணி மேசைமேல் வைத்தார். லேப்டாப் அவர் கண்முன்னால் அதே மேசைமேல்தான் இருந்தது.

"வித்தாச்சுங்க" என்றேன்.

"இதோ இருக்குதேங்க?"

"வாங்கினவர் வந்து எடுத்துட்டுப் போவாருங்க. உடம்பு சரியில்லை அவருக்கு."

பிரபாகரனுக்கு இது தெரிய வேண்டாம்.

ஜூன் 29, சனி

பதினோரு மணி இல்லை, மாலை நாலே முக்கால். அந்த நம்பர். எடுத்தால் ஒன்று திட்டு, இல்லையென்றால் திட்டை விட மோசமான செய்தி.

"நான் பாப்பாத்திங். மைக்குக்காரரு ஊட்டுலருந்து."

"அவரு...?"

"இருக்காருங். பெரியாஸ்பத்திரில எட்டு நாளு வெச்சிருந்தாங்க, நேத்துத்தான் கூட்டிட்டு வந்தம். இருதயம் வீங்கிக் கெடந்துச்சாமா. நெஞ்செல்லாம் தண்ணி கோத்துக்கிட்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க மேல இருந்த கோவத்துலதானுங் கூட்டிட்டுப் போனன். ஒண்ணுமில்லைன்னு டாக்டர் வாயால சொல்ல வெச்சு, உங்களக் கூப்புட்டு நல்லா நாலு குடுக்கலாமுன்னு."

"சரிங்க."

"அந்த டாக்டரு உக்காந்ததும் மொதக் கேள்வியே என்ன கேட்டாருங்கறீங்க? எத்தன தலகாணி வெச்சுப் படுக்கறீங்கன்னுதானுங் கேட்டாரு."

நான் அழுதேன். அந்தம்மாவும் அழுதார் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒருவருக்கொருவர் ஆறுதல் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கடைசியில், "அந்தக் கம்ப்யூட்டரு இன்னுமிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

பாப்பாத்தியம்மா மட்டும் பஸ் பிடித்து வந்தார். மஞ்சள் பையில் பணம், இன்னொரு பையில் முருங்கைக்காய். இந்த முறை போட்ட இரண்டு டம்ளர் டீயும் இரண்டு பேரால் குடிக்கப்பட்டது.

"பன்னெண்டரைக்குக் கேட்டாராமா, நீங்க குடுக்கலையாமா" என்றார்.

"பன்னெண்டுக்கே குடுக்கலாம்னுதாங்க இருந்தேன்."

"தெரியுமுங்." டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க சரின்னிருந்தாலும் அவரும் வாங்கியிருக்க மாட்டாருங். தெனம் கூப்புடோணுமே."

நான் எழுந்து போய் சார்ஜரைச் சுற்றினேன். அந்தம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க அதிகமில்லை. கூடத்தில் ஒரு நாற்காலி, அதில் அந்தம்மாதான் உட்கார்ந்திருந்தார். அறைக் கதவு திறந்திருந்தது, கட்டில் தெரிந்தது.

"நீங்க எத்தன தலகாணிங்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஒண்ணுதாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. முருங்கைக்காய்ப் பையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

பஸ் செலவுக்கு ஐந்நூறு குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பன்னிரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். பெடலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பதிந்ததைத் திரும்பக் கேட்டு ஒட்டுவதற்கு உதவும். மைக் மாட்டுகிற இடம், பதிவு செய்கிற விதம், வெட்டி ஒட்டுகிற விதம் எல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாப் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். மேசையில் லேப்டாப் இருந்த இடம் மட்டும் தூசு இல்லாமல் சதுரமாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

பதினோரு மணிக்கு நாச்சிமுத்து அண்ணன் கூப்பிட்டார். ஒட்டுகிற இடத்தில் டிக்கென்று சத்தம் வருகிறதாம். மூச்சு இழுக்கிற இடத்தில் வெட்டாமல், இழுத்து முடித்த இடத்தில் வெட்டச் சொன்னேன். சரியாகிவிட்டது.

"அம்மணி, டாக்டரு பேச்சக் கொறைக்கச் சொல்லீட்டாருங். போனெல்லாம் ஆகவே ஆகாதாமா. தொழிலுக்கு மட்டும் பேசுன்னு சொல்லியிருக்காரு."

"அவர் சொல்றதுதாங்ணா சரி" என்றேன்.

ஜூலை 15, திங்கள்

பிரபாகரன் கூப்பிட்டான். எவ்வளவுக்குப் போனது என்றான். பன்னிரண்டு என்றேன். "பரவால்ல, நஷ்டமில்ல" என்றான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

ஜூலை 21, ஞாயிறு

துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஸ்பீக்கர் சத்தம். ஆடித் தள்ளுபடி, எந்த ஜவுளிக்கடை என்று கவனிக்கவில்லை. குரல்தான் முதலில் வந்தது.

"தாய்மார்களே! சகோதரிகளே! ஆடி பொறந்தாச்சு, வீட்டுல சும்மா உக்காந்திருக்காதீங்க, கெளம்பி வாங்க!"

கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். ஆட்டோவில் அவர் இல்லை, ஓட்டுகிறவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஒட்டு இருப்பதே தெரியாத மாதிரி ஒட்டியிருக்கிறார். இந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். எண்ணினேன். ஒரு மூச்சுக்குப் பன்னிரண்டு வார்த்தை. முதல் நாள் பேசியபோது ஒன்பதுதான்.

ஆட்டோ எங்கள் பிளாக்கைத் தாண்டியது. ஈரப் புடவை கையில் இருக்க, பெடலை மிதிப்பதுபோல வலது காலை இடது பக்கமாகச் சாய்த்து மிதித்தேன். சிமெண்டுத் தரை. வண்டி கடைசி பிளாக்கைச் சுற்றி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது.